இனிமேல் இப்படி நடக்காது என்று எழுதிக் கொடுத்தோம்

போன வாரம் நம்ம குவார்ட்டர்ஸ் குரூப்பில் ஒருத்தர் எழுதியிருந்தாரே, பார்த்தீங்களா? "நம்ம காலத்துல மணி அடிக்கறதுக்கு முன்னாடியே பள்ளிக்கூட வாசல்ல நிப்போம். இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு ஒழுங்குன்னா என்னன்னே தெரியாது." அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். நானும் ஒன்று போடப் போய், விரலை எடுத்துவிட்டேன். பதில் எழுதலாம் என்றால் அலுப்பாக இருந்தது. அறுபது தாண்டிய பிறகு யாரோடு மல்லுக்கட்டுவது? முட்டி வலியோடு மல்லுக்கட்டவே எனக்குப் பொழுது சரியாக இருக்கிறது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அங்கே எழுதாததை இங்கே எழுதுகிறேன். வடக்கே, தலைநகரத்துச் சரோஜினி நகரில் என்னோடு வளர்ந்தவர்களே, கிட்வாய் நகரிலிருந்து நடந்தே பள்ளிக்கு வந்தவர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. நான் எட்டாம் வகுப்பு. ஏப்ரல் பிறந்தால் பள்ளிக்கூடம் கோடை நேரத்துக்கு மாறிவிடும், ஞாபகம் இருக்கா? குளிர்காலம் முழுக்க எட்டரைக்கு அடித்த மணி, ஏப்ரலில் ஏழுக்கே அடிக்கும். லூ காற்று கிளம்பி முகத்தைச் சுடுவதற்குள் பிள்ளைகள் வீடு சேரட்டும் என்று நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான். நமக்கும் அது பிடிக்கும். மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் கூலருக்கு முன்னால் படுத்துக்கொள்ளலாம். அந்தக் கூலரின் வெட்டிவேர் கஸ் தட்டி நனைந்ததும் வருமே ஒரு மண்வாசனை, அதை இப்போது எந்த ஏசியிலும் காணோம். ஜன்னலோரம் மண் சுராஹியில் தண்ணீர், அதன் வாயில் கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர். சுராஹி எத்தனையோ உடைந்தது; அந்த டம்ளர் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஏழு மணி அடித்துவிட்டால் காவலுக்கு நிற்கும் சௌக்கிதார் கேட்டைச் சாத்திவிடுவார். "லேட்வாலே இதர்!", லேட்டா வந்தவங்க இந்தப் பக்கம் என்று ஒரு கத்து கத்துவார். தாமதமாக வந்தவர்கள் கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் நிற்கணும். பிரேயர் முடிந்ததும் மற்றவர்கள் வகுப்புக்குப் போக, இவர்கள் மட்டும் உதிர்ந்து கிடக்கும் பழுத்த வேப்பிலையைக் கையால் பொறுக்கி வாளியில் போடணும். ரெஜிஸ்டரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். மூன்று புள்ளி ஒரு ஆப்சென்ட். ஆப்சென்ட் சேர்ந்துகொண்டே போனால் பேரை வெட்டிவிடுவார்கள். "நாம் கட் ஜாயேகா", பேர் வெட்டுப்படும் என்று சௌக்கிதார் சொன்னாலே எனக்குப் பயம். நான் ஏன் பயப்படணும்? ஒரு நாள்கூட நான் லேட் ஆனதில்லை.

ஆனவள் அவள். என் வகுப்புதான், கடைசி பெஞ்சு. அவளுடைய அம்மாதான் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தார். "வேலைக்காரம்மா" என்றே நாங்கள் எல்லோரும் கூப்பிட்டோம். அவருக்கென்று ஒரு பேர் இருக்கும் என்றுகூட அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டிய குடிசைகளில் இருந்தார்கள். பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் நம்ம தமிழ் ஆட்கள். தமிழ்ப் பிள்ளை என்று அவளை ஃபீஸ் இல்லாமல் சேர்த்திருந்தார்கள். அந்தக் குடிசை வரிசையில் எட்டாம் வகுப்பு வரை வந்தவள் அவள் ஒருத்திதான். பத்தாவது பாஸ் பண்ணிவிட்டால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து "ஹலோ, நம்பர் ப்ளீஸ்" சொல்லலாம் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். பேனா மூடியைக் காதில் வைத்துக்கொண்டு சொல்லிக் காட்டுவாள். தமிழ் நமக்கெல்லாம் எப்படித் தடுமாறும், தெரியுமே! என் தமிழ் வீட்டுப்பாடத்தில் பாதி அவள் எழுதியது.

குளிர்காலம் முழுக்க அவளுக்கு ஒரு சிவப்புப் புள்ளி கிடையாது. ஏப்ரல் பிறந்ததும் வரிசையாக விழுந்தது. இதை யாராவது கவனித்தோமா? ஒருத்தரும் இல்லை.

அந்த வருஷம் சோஷியலுக்குப் புது மிஸ் வந்திருந்தார். லீவில் போனவருக்குப் பதிலாக வந்தவர். சின்ன வயது, குரலும் சின்னது. "ஏழ்மைக்குக் காரணங்கள்" என்று புத்தகத்தில் ஒரு பாடம். சோம்பல், குடி, படிப்பறிவு இன்மை, நிறையப் பிள்ளைகள் என்று நாங்கள் மனப்பாடம் பண்ணி ஒப்பித்தோம். மிஸ் முழுக்கக் கேட்டுவிட்டு, "இது எல்லாமே அந்த ஆள்கிட்ட இருக்கிற குறையா இருக்கே. அவரைச் சுத்தி ஒண்ணுமே இல்லையா?" என்றார். பிறகு போர்டின் நடுவே மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டார். இடது பக்கம் "ஆள்". வலது பக்கம் "ஏற்பாடு".

"பெரிசா எதுவும் வேண்டாம். நம்ம பள்ளிக்கூடத்துல சிலர் லேட்டா வர்றாங்க. ஏன்? சொல்லுங்க."

அடேயப்பா, என்ன உற்சாகம் எங்களுக்கு! தூக்கம். சோம்பேறித்தனம். அக்கறை இல்லை. படிப்பில் நாட்டம் இல்லை. வழியில் விளையாட்டு. அலங்காரம் பண்ணிக்கொள்கிறாள். "சிலர்" என்றுதான் மிஸ் சொன்னார், ஆனால் பாதியிலேயே எங்கள் வாயில் "அவள்" வந்துவிட்டது. இடது பக்கம் போர்டின் அடிவரை நிரம்பிவிட்டது. வலது பக்கம் வெறும் கறுப்பு. ஒருத்தன் மட்டும் "வீட்ல கடிகாரம் இல்ல மிஸ்" என்றான். அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று அரை மணி நேரம் சண்டை. வாங்காதது அவர்கள் தப்பு என்று நான்தான் உரக்கச் சொன்னேன்.

அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் நல்லவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்கும் அன்றைக்கு அவளைக் கேட்கணும் என்று தோன்றவில்லை. ஒரு பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு அது ஏன் அப்படி என்று மற்ற பிள்ளைகளைக் கேட்டோமே, அதை நினைத்தால் இப்போது எனக்குக் காது சுடுகிறது.

மணி அடிக்கும்போது மிஸ் சொன்னார்: "வலது பக்கம் காலியா இருக்கறதுக்குக் காரணம், அங்க ஒண்ணும் இல்லைங்கறது இல்ல. நாம யாரும் போய்ப் பாக்கல. போய்ப் பாத்து எழுதிட்டு வாங்க."

மற்றவர்கள் ஏதோ எழுதினார்கள். எனக்கு அவள் வீடு தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவிடம் பால் பூத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, காலி பாட்டில்கள் கலகலக்கக் குவார்ட்டர்ஸின் பின்பக்கத்துக்கு நடந்தேன். ரயில் பாதையோரம் பிளாஸ்டிக் குடம், டால்டா டின், தகர வாளி எல்லாம் நீள வரிசையில் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பெண். அவளும் நின்றாள்.

"என்ன இங்க?" என்றேன்.

"தண்ணி லாரி வரணும். ஆறரைக்குத்தான் வரும். உட்டா நாளைக்குத்தான்."

"உங்கம்மா நிக்கக் கூடாதா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கம்மா உங்கூட்லல்ல இருக்குது? ஆறு மணிக்கு உங்கூட்டுக்கு வந்துடுது. அப்ப தண்ணி யாரு புடிக்கறது?"

அவ்வளவுதான். ஒரே ஒரு கேள்வி கேட்டதற்கு முழு விஷயமும் வந்துவிட்டது. எங்கள் குழாயில் தண்ணீர் ஐந்திலிருந்து ஏழு வரை. அதற்குள் பாத்திரம் தேய்த்தாகணும் என்பதால் அவள் அம்மா ஆறுக்கு எங்கள் வீட்டில். ஆறரைக்கு அவர்களுக்கு லாரி. ஏழுக்குப் பள்ளிக்கூடம். குளிர்காலத்தில் லாரி வந்து, தண்ணீர் பிடித்து, குளித்துக்கூட எட்டரைக்கு வந்துவிடலாம். ஏப்ரலில் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் ஏழேகாலுக்கு முன்னால் முடியாது. நான் பாலை வாங்கிக்கொண்டு ஓடிவந்து நோட்டில் கோடு போட்டேன். வலது பக்கம் நான்கு வரி. கடைசி வரி: "எங்கள் வீட்டுப் பாத்திரம்." இடது பக்கம் எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மிஸ் அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் என்னைத் தனியாக அழைத்தார். அவள் பேரை மாதக் கடைசியில் வெட்டப்போகிறார்களாம். பெரிய மிஸ், அதாவது ஹெட்மிஸ்ட்ரஸ், விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். பதில் இங்கிலீஷில் இருக்கணும், தாயோ தகப்பனோ கையெழுத்துப் போடணும்.

"நீ எழுதியிருக்கியே, இதையே அப்படியே எழுது. பிரேயருக்கு அப்புறம் வர அவளுக்கு அனுமதி குடுங்கன்னு கடைசியில கேளு. உங்கப்பா மினிஸ்ட்ரியிலதானே இருக்கார்? இங்கிலீஷ மட்டும் ஒரு தடவை பாக்கச் சொல்லு."

இங்கிலீஷை மட்டும். பாவம், மிஸ்ஸுக்கு எங்கள் அப்பாவைத் தெரியாது.

நம்ம அப்பாக்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? ஆபீஸில் அசிஸ்டென்ட். எது கையில் கிடைத்தாலும் அது டிராஃப்ட். கல்யாணப் பத்திரிகையைக்கூடச் சிவப்பும் நீலமுமான அந்த ரெட்டைப் பென்சிலால் திருத்துவார். ஊருக்கு எழுதும் கடிதத்துக்கு ஆபீஸ் காப்பி வைப்பார். பச்சை டேக் கோத்த ஃபைலில் எங்கள் மார்க் ஷீட், தடுப்பூசிச் சீட்டு, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய கிரைண்டரின் ரசீது. திருநெல்வேலியை விட்டு வந்து இருபது வருஷம் ஆகியும் பேச்சு மட்டும் அங்கேயே இருந்தது.

நான் எழுதியதைப் படித்தார். பென்சிலின் சிவப்புப் பக்கத்தைத் திருப்பினார்.

"ஏட்டி, என்னத்த எழுதி வச்சிருக்க? எக்ஸ்ப்ளனேஷன் கேட்டா காரணம் சொல்லப்படாது. காரணம் சொன்னா எதுத்துப் பேசுதான்னுதான் ஃபைல்ல எழுதுவான்."

"இல்லப்பா, லாரி ஆறரைக்குத்தான் வருது. பள்ளிக்கூட நேரம்..."

"பள்ளிக்கூட நேரத்த வச்சது யாரு? பெரிய மிஸ்ஸு. அவங்க கிட்டயே போயி, நீங்க வச்ச நேரம் சரியில்லன்னு சொல்லப்போறியா? ஏற்பாட்டக் குறை சொன்னா அதுல கையெழுத்துப் போட்டவனுக்குக் கோவம் வரும். நான் எத்தன மெமோ பாத்திருக்கேன்! தப்பு என்னுது, வருந்துதேன், இனிமே நடக்காது. மூணே வரி. அன்னைக்கே ஃபைல மூடிருவான். அந்தப் புள்ள பொழைக்கணும்னா இதுதாம்ட்டி வழி."

அவர் அதை நம்பினார். அவளைக் காப்பாற்றத்தான் உட்கார்ந்தார். வெற்றிலைப் பெட்டியைக்கூடத் தொடாமல் ஒரு மணி நேரம் அந்த மூன்று வரியைச் செதுக்கினார். தமிழில் சொன்னால் இப்படி: "என் மகள் தாமதமாக வந்தது முழுக்க முழுக்க அவளுடைய கவனக்குறைவால்தான். அதற்காக மனப்பூர்வமாக வருந்துகிறோம். இனிமேல் இப்படி நடக்காது என்று உறுதி கூறுகிறோம்."

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். நான் அவளிடம், "வேலைக்காரம்மாவ ஏழு மணிக்கு வரச் சொல்லக் கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"ஏழு மணிக்குக் குழாயில காத்துதான் வரும். பாத்திரத்த என் கண்ணீர்லயா கழுவ?"

அதுவும் பொய்யில்லையே. அம்மா என்ன செய்வாள்?

நான் என் முத்து முத்தான கையெழுத்தில் நகல் எடுத்தேன். மறுநாள் காலை வேலைக்காரம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். அப்பா ஊதா இங்க் பேடைத் திறந்து, "இங்கன வையிங்க, நல்லா அமுக்கி" என்றார். கட்டைவிரலில் சாம்பல் ஒட்டியிருந்ததால் முதல் ரேகை சரியாக விழவில்லை. இரண்டாவது தடவை விழுந்தது. "ஐயா புண்ணியம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடத்துக்குப் போய் அவளிடம் காகிதத்தைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"இதுல லாரி வரலியே."

"எங்கப்பாவுக்குத் தெரியும். இப்படித்தான் எழுதணும்" என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்கள் எத்தனையோ. அவையெல்லாம் மறந்துவிட்டன. இது பொய்யே இல்லை, நான் நம்பித்தான் சொன்னேன். இதுதான் மறக்க மாட்டேன் என்கிறது. மிஸ்ஸிடம் முதலில் காட்டியிருக்கலாம். காட்டினால் திட்டுவாரோ என்று பயந்து நேரே ஆபீஸ் அறையில் கொடுக்கச் சொன்னேன்.

அப்பா சொன்னது பலித்துவிட்டது, கேட்டீங்களா? பெரிய மிஸ்ஸுக்குப் பரம திருப்தி. பணிவான கடிதம் என்றாராம். பழைய புள்ளிகளை எல்லாம் மன்னித்தார். "ஆனா எழுதிக் குடுத்திருக்கே. இனி ஒரு நாள் லேட் ஆனாலும் பேர் இருக்காது" என்று அவளிடம் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பாவுக்கு மீசைக்குள் சிரிப்பு. சோஷியல் மிஸ் மட்டும் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இனிமே நடக்காதுன்னு எப்படி எழுதினீங்க? லாரி நேரம் மாறிடுச்சா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மிஸ் பெரிய மிஸ்ஸிடம் போய்ப் பேசினார். பெரிய மிஸ் அந்தக் கடிதத்தையே எடுத்துக் காட்டினாராம். "கவனக்குறைவுன்னு அவங்களே ஒத்துக்கிட்டாச்சு. நீங்க ஏன் இல்லாத காரணத்தைக் கிளப்பறீங்க?" மிஸ்ஸிடம் வேறு காகிதம் என்ன இருந்தது? என் நோட்டில் நான்கு வரி. ஒரு பக்கம் தாயின் கட்டைவிரல், ஒரு பக்கம் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வீட்டுப்பாடம்.

அடுத்த நான்கு நாள் அவள் சரியாக வந்தாள். மணி அடிப்பதற்கு முன்னாலேயே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். எங்கள் வகுப்பே அதிசயித்தது. "பாத்தியா, மிரட்டினா வருவா" என்றார்கள். அந்த நான்கு நாளும் அவர்கள் குடிசையில் தண்ணீர் இல்லை. பக்கத்துக் குடிசையில் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் அங்கேயும் கை விரித்துவிட்டார்கள். மே மாத வெயில், வீட்டில் கைக்குழந்தை வேறு. ஐந்தாம் நாள் வரிசையில் நின்றுவிட்டு ஓடிவந்தாள். பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது. ஏழேகால். சௌக்கிதார் இந்தத் தடவை கேட்டைத் திறக்கவில்லை. பிரேயர் வரிசையிலிருந்து நான் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பாட்டு முடிந்து நான் திரும்பியபோது அங்கே யாரும் இல்லை.

வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவள் பேரைத் தாண்டி அடுத்த பேருக்குப் போனார்கள். அவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது. சோஷியல் மிஸ் அன்றைக்குப் போர்டில் ஒன்றும் எழுதவில்லை; புத்தகத்தைத் திறந்து வாசித்துக்கொண்டே போனார். லீவு முடிந்து ஜூலையில் அவர் வரவில்லை. பழைய மிஸ் திரும்பிவிட்டார்.

அப்பாவிடம் சொன்னபோது நிஜமாகவே வருத்தப்பட்டார். "எழுதிக் குடுத்துட்டுமா லேட்டாப் போனா? அப்பம் ஒண்ணும் செய்ய முடியாதுட்டி. நம்ம கையில என்ன இருக்கு?" அதற்கு அப்புறம் நானும் அப்பாவைப் போலவே ஒரு மினிஸ்ட்ரிக் கட்டடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தேன். லேட்டாக வந்த எத்தனையோ பேரிடம் விளக்கம் கேட்டேன். எல்லோரும் அந்த மூன்று வரியைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று நான் ஒருத்தரையாவது கேட்டேனா? இனிஷியல் போட்டு ஃபைலை மூடினேன். களைத்துப்போன ஆளுக்கு மூன்று வரி படிப்பது சுலபம். அதுதான் நிஜம், என்னைத் திட்டினால் திட்டிக்கொள்ளுங்கள்.

ஜூலையில் பள்ளிக்கூடம் திறந்த அன்று, அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வேலைக்காரம்மா இல்லை. அவள் உட்கார்ந்திருந்தாள். இப்போது லாரிக்கு அவள் அம்மா நிற்கிறார், வீடுகளுக்கு இவள் போகிறாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபமாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை. அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா காபியை வைத்துக்கொண்டே, "அவ அம்மையாவது அப்பப்பம் பிந்துவா. இந்தப் புள்ள டாண்ணு ஆறு மணிக்கு வந்து நிக்கா. ஒரு நாள் பிந்தலையே" என்றாள்.

அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். "பாத்தியா? நினைச்சா முடியுதுல்லா."

அவளுக்குக் கேட்டிருக்கும். அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு கிடையாது. அவள் தேய்த்துக் கழுவி அம்மா நிரப்பிய என் டிபன் டப்பாவைப் பாவாடையில் துடைத்து, மூடியை அழுத்தி, என்னிடம் நீட்டினாள்.

"சீக்கிரம் போ. மணி அடிச்சுடப் போவுது."

நான் ஓடினேன். நேரத்துக்குப் போய்விட்டேன்.